தைப்பூசம் முதல் சித்திரை வரை: கோலாலம்பூரில் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

பறவை பார்க்கிறேன் என்று கிளம்பிய முதல் ஆண்டில் நான் செலவழித்தது ஏறக்குறைய 1,200 வெள்ளி. பெயர் சொல்லத் தெரிந்த பறவைகள் 11. அந்தப் பதினொன்றில் காகமும் மைனாவும் மாடப்புறாவும் அடக்கம். அவற்றைப் பார்க்கக் காசு எதற்கு, ரொட்டிக் கடை வாசலில் நின்றாலே போதும். இரண்டாம் ஆண்டு புதிதாக எதையும் வாங்கவில்லை. செந்தூல் பக்கம் எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) பின்சந்தைத் தாண்டி ஓடும் பெரிய லோங்காங் (வடிகால்) ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் 38 வகை. முதல் ஆண்டு நான் விழுந்த பள்ளங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. மாதத்தையும் மணியையும் பிடியுங்கள்

நமக்கு இங்கே வசந்த காலம் கிடையாது. குயில் கூவினால் வசந்தம் என்று பள்ளியில் படித்தோம். செந்தூல் குயிலுக்கு அந்தப் பாடம் தெரியாது, எல்லா மாதமும் கூவுகிறது, அதுவும் விடியற்காலை ஐந்து மணிக்கு. ஆனால் சைபீரியாவிலும் சீனத்திலும் ஜப்பானிலும் வசந்தம் வருகிறது. அங்கிருந்து குளிருக்குத் தப்பி நம் ஊரில் வந்து தங்கிய பறவைகள், குஞ்சு பொரிக்கப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கே கிளம்புகின்றன. பத்துமலையில் காவடி இறங்கியதிலிருந்து சித்திரைப் புத்தாண்டு வரை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. கிளம்பும் முன் பல பறவைகள் புது இறகு போட்டு நிறம் ஏறி நிற்கும். ஆறு மாதமாக மங்கலாகத் திரிந்து நம்மைக் குழப்பியது, அப்போதுதான் தன் அடையாளத்தைக் காட்டும்.

மணியில் நான் ஏமாந்தேன். தமிழ்நாட்டில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு 5.30 மணிக்கே போய் இருட்டில் கொசுவுக்குத் தீனியானேன். கோலாலம்பூரில் பிப்ரவரியில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 7.25 மணிக்கு, ஏப்ரல் நடுவில் 7.05. ஆகவே 7.15க்கு உட்கார்ந்து 9.30க்கு எழுந்தால் போதும். பத்து மணிக்கு மேல் நமக்கும் வேர்க்கும், பறவையும் நிழலுக்குப் போய்விடும். மாலையில் 5.30க்கு மேல் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் ஏப்ரல் மாலைகளை இடிமழைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரவெல்லாம் மழை கொட்டி விடியலில் வெறித்த நாளை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள்.

2. பைனாகுலர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

என் 1,200 வெள்ளியில் பாதி இங்கேதான் போயிற்று. இரவுச் சந்தைக் கடை ஒன்றில் "முப்பது மடங்கு பெரிதாகத் தெரியும், நிலாவில் பள்ளம்கூடத் தெரியும்" என்றார்கள். வாங்கினேன். என் கைநடுக்கமும் முப்பது மடங்கு பெரிதாகத் தெரிந்தது.

நீங்கள் கேட்க வேண்டியது 8x42 அல்லது 8x32. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். எட்டுக்கு மேல் போனால் படம் ஆடும், பார்வை வட்டம் குறுகும், இலைக்குள் தாவும் சிட்டைப் பிடிக்கவே முடியாது. அகலம் கூடினால் விடியல் வெளிச்சத்தில் தெளிவு கூடும், கழுத்தில் கனமும் கூடும். மடங்கை மாற்றிக்கொள்ளும் 'ஸூம்' வகையைத் தொடாதீர்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே குறைந்தது 15 மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் முழு வட்டம் தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நான் இப்போது வைத்திருப்பது 420 வெள்ளிக்கு வாங்கியது. எட்டு ஆண்டுகளாக உழைக்கிறது.

எட்டு ஆண்டு உழைத்ததற்குக் காரணம் ஒரு டப்பா. நம் ஊர் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சை படரும். முதலில் ஒரு பனிப்புள்ளி போலத் தெரியும், மூன்று மாதத்தில் சிலந்தி வலையாகிவிடும். துடைத்தால் போகாது, கழற்றிச் சுத்தம் செய்யக் கேட்கும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம். புகைப்படக் கடைகளில் ஈரமானி பதித்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும். அதில் சிலிக்கா பொட்டலம் போட்டு, முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் மிக மோசம். பத்திரமாக வைக்கிறோம் என்று நினைத்துப் பூஞ்சையை வளர்ப்போம்.

கேமராவை முதல் ஆண்டு வாங்கவே வேண்டாம். நீண்ட லென்ஸைக் கையில் எடுத்தவர்கள் பறவையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பின்திரையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பகை சம்பாதித்திருக்கிறேன், மாற்றிக்கொள்வதாக இல்லை.

கைப்பேசியில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின், பார்த்ததைப் பதிந்து வைக்கும் ஈபேர்ட் என்ற இரண்டு செயலிகளும் இலவசம். மெர்லினில் தீபகற்ப மலேசியா அடங்கிய பறவைத் தொகுப்பை வீட்டு இணையத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள். லோங்காங் ஓரத்தில் நின்று இறக்கினால் மாதத் தரவு தீர்ந்துவிடும். குரலைக் கேட்டு அது சொல்லும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்த்தபின் எழுதுங்கள்.

3. முதல் இரண்டு வாரம் வீட்டுப் பறவைகள் மட்டும்

விருந்தாளியை அடையாளம் காண வேண்டுமென்றால் வீட்டுக்காரர்களைத் தெரிந்திருக்க வேண்டும். பதினொன்று போதும்.

மைனாவில் இரண்டு: பழுப்பு உடம்பும் கண்ணோரம் மஞ்சள் தோலும் இருந்தால் நாம் அறிந்த மைனா, உடம்பு கரும்சாம்பலாக, அலகுக்கு மேல் சிறு முடிக்கற்றை நின்றால் ஜாவா மைனா. பளபளக்கும் கறுப்பில் சிவப்புக் கண்ணோடு கூட்டமாகக் கத்துவது பெர்லிங். கறுப்பு வெள்ளையில் வாலைத் தூக்கிக்கொண்டு வேலிமேல் பாடுவது குண்டுக்கரிச்சான், நம் வீடுகளில் முராய் என்போமே, அதுதான். வாலடி மஞ்சளாக, காலை முதல் சளசளப்பது மஞ்சள்வால் கொண்டைக்குருவி என்று நானாக வைத்த பெயர், மலாயில் மெர்பா. புள்ளிப்புறா, அதைவிடச் சிறிய மெர்போக், மாங்குயில், தேன்சிட்டு, தையல்சிட்டு, வெண்மார்பு மீன்கொத்தி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு தொல்லை உண்டு. தமிழ்ப் பறவைப் பெயர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பறவைகளுக்கு வைத்தவை. நம் மாங்குயிலின் பிடரியில் கறுப்புப் பட்டை ஓடும். தமிழ்நாட்டுக் கையேட்டில் முதலில் வரும் மாங்குயிலுக்குக் கண்ணோரம் மட்டும் கறுப்பு. படத்தைப் பார்த்துப் பொருந்தவில்லையே என்று ஒரு வாரம் குழம்பினேன். தென்கிழக்காசியப் பறவைகளுக்கான கையேட்டை வாங்குங்கள், நோட்டில் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கம்பத்தில் (கிராமத்தில்) வளர்ந்த பெரியவர்களிடம் "ருவாக்-ருவாக் எங்கே வரும்?" என்று கேட்டால் உடனே கை நீட்டுவார்கள், கானாங்கோழி என்று கேட்டால் இறைச்சிக் கடைக்கு வழி சொல்வார்கள்.

4. லோங்காங் ஓரத்தில் ஓர் இடம், ஒரே இடம்

எங்கள் லோங்காங் கடைசியில் சுங்கை பத்துவில் போய்ச் சேருகிறது. தைப்பூசத்தில் பக்தர்கள் நீராடும் அதே ஆறுதான். எங்கள் பக்கம் வரும்போது நீராடும் ஆசை யாருக்கும் வராது. ஆனால் பறவைக்கு வேண்டியது தெளிந்த நீரில்லை, ஆழமில்லாத நீர். சிமெண்ட் சரிவின் அடியில் வண்டலும் புல்லும் தேங்கி, நீர் கணுக்காலளவு ஓடும் இடத்தைத் தேடுங்கள். ஒரு மரம், ஒரு மின்கம்பி, ஒரு வண்டல் திட்டு: மூன்றும் ஒரே பார்வைக்குள் வந்தால் உங்கள் இடம் அதுதான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். இல்லையென்றால் வருவதெல்லாம் காகம்போலக் கறுப்பாகவே தெரியும். முதல் இருபது நிமிடம் எதுவும் வராது. அந்த இருபது நிமிடத்தில்தான் நான் முதல் ஆண்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த மூன்று மாதத்தில் அங்கே வருகிறவர்களைச் சொல்கிறேன்.

உள்ளான்: சிமெண்ட் ஓரத்தில் தனியாக ஓடும், நின்ற இடத்தில் பின்புறத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். தோளருகே வெள்ளை நிறம் மேல்நோக்கி ஒரு கொக்கிபோல் ஏறும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமில்லை. சாம்பல் வாலாட்டியும் ஆட்டும், ஆனால் நீண்ட வாலை, அடிவயிறு மஞ்சள். நகர்ப்புறத்தில் இது வந்தால் அன்று உங்களுக்கு யோகம்.

மடையான்: நின்றால் பழுப்பு, பறந்தால் வெள்ளை. குளிர்காலத்தில் சீன மடையானையும் ஜாவா மடையானையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். மார்ச் கடைசியிலிருந்து பாருங்கள். தலையும் கழுத்தும் மங்குஸ்தான் தோல் நிறத்துக்கு மாறினால் சீனம். இளமஞ்சள் பொன்னிறமானால் ஜாவா. ஒரே பறவை வாரத்துக்கு வாரம் நிறம் ஏறுவதை என் முக்காலியிலிருந்தே பார்த்தேன். இதற்காகவே ஒரே இடத்தில் உட்காரச் சொல்கிறேன்.

தகைவிலான்: கம்பியில் வரிசையாக உட்காரும். இங்கேயே வாழும் இனம் ஒன்றும் உண்டு, அதன் அடிவயிறு அழுக்குச் சாம்பல், வால் குட்டை. வடக்கே போகிறது எதுவென்றால், சிவந்த தொண்டைக்குக் கீழ் கரும்பட்டையும் வெள்ளை வயிறும் கொண்டது. கிளம்பும் சமயத்தில் வாலோரம் இரண்டு இறகு கம்பிபோல் நீண்டிருக்கும்.

பஞ்சுருட்டான்: இதுதான் எனக்குப் பிடித்த வேடிக்கை. குளிர்காலம் முழுக்க நீலவால் பஞ்சுருட்டான் இருக்கும், தலை பச்சை. அது வடக்கே கிளம்பும் நேரத்தில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் இனப்பெருக்கத்துக்கு இங்கே வந்து சேரும், தலை செம்பழுப்பு. ஒரு வீட்டைக் காலி செய்கிறவரும் குடிவருகிறவரும் வாசலில் சந்தித்துக்கொள்வதுபோல, மார்ச்சில் சில நாள் இரண்டும் ஒரே கம்பியில் இருக்கும்.

பழுப்புக் கீச்சான் புல்வெளி ஓரத்துக் குச்சியில் கண்ணுக்குக் கறுப்புக் கட்டுப் போட்டுக்கொண்டு எல்லோரையும் திட்டும். நீர் ஓரத்தில் அசையாமல் கூனிக்கொண்டு நிற்கும் சிறிய சாம்பல் கொக்கு, தோசிக்கொக்கு. அது இந்த ஊர்க்காரர்.

பாதுகாப்பில் அசட்டை வேண்டாம். மேல்பகுதியில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே நீர் ஏறும், அதுவும் நிமிடங்களில். சரிவில் இறங்காதீர்கள், மேலிருந்தே பாருங்கள். எலிக்காய்ச்சல் உள்ள ஊர் இது. செருப்பு போதாது, மூடிய காலணி அணியுங்கள். உடும்பு ஒன்று கட்டாயம் வரும், அதை அதன் வழியில் விடுங்கள். பைனாகுலர் வாரை உடம்பின் குறுக்காகப் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துப் போகிறவர்களுக்கு அது கேமராவாகத்தான் தெரியும்.

இன்னொன்று, இது எனக்கு நேர்ந்தது. எதிர்வரிசை வீட்டு மாமி ஒருவர், நான் அவர் வீட்டு மாடியைப் பார்க்கிறேன் என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார். உண்மையில் பார்த்தது அவர் வீட்டு மாமரத்தில் இருந்த மாங்குயிலை. மறுநாள் பைனாகுலரை அவரிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இப்போது "தம்பி, இன்று அது வரவில்லையே" என்று அவர்தான் கேட்கிறார். உட்காரும் முன் அக்கம்பக்கத்து இரண்டு வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். காவல் போட்ட தாமானாக இருந்தால் காவலாளியிடமும்.

5. தாள்கள், அனுமதி, கட்டணம்

வீட்டுப் பின்புறத்துக்கும் பொது நடைபாதைக்கும் எதுவும் தேவையில்லை, அடையாள அட்டை மட்டும் பையில் இருக்கட்டும். பெர்டானா தாவரவியல் பூங்காவும் பறவை பார்க்க ஏற்ற இடம். அதன் பக்கத்திலிருக்கும் பறவைப் பூங்கா வேறு. அது பெரிய வலைக்கூண்டு, கட்டணம் உண்டு, உள்ளே இருப்பவை வளர்ப்பவை. முதல் ஆண்டு அங்கே டிக்கெட் எடுத்து, பார்த்ததையெல்லாம் பட்டியலில் எழுதி, பிறகு அடித்தேன். குடும்பத்தோடு போக நல்ல இடம், பட்டியலுக்குச் சேராது. தித்திவங்சா ஏரியும் கெப்போங் மெட்ரோபாலிட்டன் பூங்காவும் நீர்ப்பறவைக்கு நல்லவை.

கெப்போங் வன ஆய்வு நிலையத்துக்குப் போவதாக இருந்தால் நுழைவுக் கட்டணம் உண்டு. மலேசியருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதல். மைகார்டைக் காட்ட மறந்தால் வாக்குவாதம்தான் மிச்சம். திறக்கும் நாளையும் நேரத்தையும் முதல் நாளே இணையத்தில் பார்த்துவிடுங்கள். மூடிய கதவைப் பார்க்கக் காலையில் எழுந்து போன அனுபவம் எனக்கு இரண்டு முறை. நிரந்தர வனக்காப்புப் பகுதிக்குள் நுழைய 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஒற்றையடிப் பாதை திறந்திருக்கிறது, எல்லோரும் போகிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

பூங்காவில் முக்காலிக் கேமராத் தாங்கியை விரித்தால், வியாபாரப் படப்பிடிப்பா என்று காவலர் கேட்பார். பைனாகுலரை யாரும் கேட்பதில்லை.

பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவையை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "முராய் நன்றாகப் பாடும், ஒன்று பிடித்துத் தரட்டுமா" என்று கேட்கும் அண்ணன் எல்லாத் தாமானிலும் ஒருவர் இருப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

6. வீட்டுப் பின்புறத்துக்குப் பறவையை வரவழைப்பது

சோறு போடாதீர்கள். காகமும் மாடப்புறாவும் எலியும் வரும், பிறகு மாநகர் மன்றத்துக்குப் புகார் போகும். செடி வையுங்கள்: செம்பருத்தி, இட்லிப்பூ, ஒரு வாழை. வாழைப்பூ தொங்கினால் தேன்சிட்டு வராமல் இருக்காது. பின்சந்தில் செரி மரம் இருந்தால் அதை வெட்ட விடாதீர்கள். கொண்டைக்குருவி, பச்சைப்புறா, முதுகில் சிவப்புக் கோடு போட்ட பூக்கொத்தி எல்லாம் அந்த ஒரு மரத்துக்கு வரும்.

நீர்த்தட்டு வைக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை. நீரை நாள்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட்டு, கொசுவாகிப் பறக்க ஏழெட்டு நாள் போதும். சுகாதாரத் துறையினர் சோதனைக்கு வந்து ஒரு புழுவைக் கண்டாலும் 500 வெள்ளி கொம்பவுன் (அபராதம்). பறவைக்கு வைத்த தட்டு என்று சொன்னால் குறைக்க மாட்டார்கள். நான் சொல்லிப் பார்த்தேன்.

துணிக்கொடியிலோ பூந்தொட்டிக் கயிற்றிலோ தேன்சிட்டு குப்பைபோல் ஒரு பை கட்டித் தொங்கவிட்டால், அந்தக் கொடியை ஒரு மாதத்துக்கு அதற்கே விட்டுவிடுங்கள். இறகு அரைகுறையாக முளைத்த குஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தால் எடுத்து வந்து வளர்க்காதீர்கள். தாய் பெரும்பாலும் பக்கத்து வேலியிலேயே இருக்கும். பூனையை மட்டும் உள்ளே அடையுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு: இரவில் வலசை போகும் பறவைகள் கண்ணாடியில் மோதி விழும் காலமும் இதுதான். ஐந்தடிப் பாதையில் நீலமும் பச்சையுமாக ஒரு குட்டை வால் பறவை மயங்கிக் கிடந்தால், அது தோட்டக்கள்ளன் இனமாக இருக்கலாம். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டில், சத்தமில்லாமல் ஓரிரு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் மரம் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். தெளியவில்லை என்றால் வனவிலங்குத் துறையை அழையுங்கள்.

7. மார்ச்சில் ஒரு ஞாயிறு: தஞ்சோங் துவான்

லோங்காங் ஓரத்தை விட்டு ஒரே ஒரு நாள் வெளியே போவதாக இருந்தால் இங்கே போங்கள். போர்ட்டிக்சனுக்குத் தெற்கே, கலங்கரை விளக்கம் நிற்கும் முனை. வரைபடத்தில் நெகிரி செம்பிலான் போலத் தெரியும், ஆனால் மலாக்காவைச் சேர்ந்தது. சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் நீரிணையைக் கடந்து இங்கேதான் கரையேறுகின்றன. நீரிணை அங்கே 40 கிலோமீட்டருக்கும் குறைவு. மலேசிய இயற்கைக் கழகம் ஆண்டுதோறும் மார்ச்சில் இதை ஒரு விழாவாகவே நடத்துகிறது; அந்த வார இறுதியில் போனால் எண்ணிச் சொல்லவும் காட்டிக் கொடுக்கவும் ஆட்கள் இருப்பார்கள்.

இங்கே மட்டும் விடியலில் போய் நிற்காதீர்கள். தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழும்பினால்தான் பருந்து கிளம்பும். 11 மணி முதல் 3 மணி வரைதான் காட்சி. தொப்பி, இரண்டு போத்தல் தண்ணீர், கழுத்து வலிக்கும் என்பதால் படுத்துப் பார்க்க ஒரு பாய். உணவுப் பையைத் தரையில் வைக்காதீர்கள், குரங்கு கொண்டுபோய்விடும். கோலாலம்பூரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது ஞாயிறு மாலை நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. நோட்டு

மூன்று வெள்ளி நோட்டு ஒன்று, பென்சில். மழையில் பேனா மை ஓடிவிடும். தேதி, மணி, வானிலை, எத்தனை பறவை, என்ன செய்தது. தெரியாததற்குப் பெயர் போடாமல் "சிட்டுக்குருவி அளவு, கண்ணோரம் வெள்ளை வளையம், ஒரே குச்சிக்குத் திரும்பித் திரும்பி வந்தது" என்று எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து அது பழுப்பு ஈப்பிடிப்பான் என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை அழைக்காதீர்கள். கூடு கட்டும் பறவை எதிரி வந்துவிட்டான் என்று வேலையை விட்டு ஓடிவரும்.

எல்லோரும் முதலில் பார்த்த தேதியை எழுதுவார்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த தேதியையும் எழுதுங்கள். அது கொஞ்சம் கடினம், ஏனென்றால் கடைசி என்று அன்றைக்குத் தெரியாது. வந்த நாளெல்லாம் குறித்து வைத்தால்தான் பிறகு புரட்டிப் பார்க்க முடியும். என் நோட்டில் போன ஆண்டு சாம்பல் வாலாட்டி மார்ச் 19. நிறம் ஏறிய மடையான் ஏப்ரல் 11. கம்பியில் தகைவிலான் இல்லாத முதல் காலை ஏப்ரல் 30, மே தினத்துக்கு முதல் நாள்.

அதன் பிறகு பைனாகுலரை டப்பாவில் போட்டுச் சிலிக்கா பொட்டலத்தை மாற்றிவிடுங்கள். முக்காலியைப் பரணில் ஏற்ற வேண்டாம். உள்ளான் ஆகஸ்டிலேயே திரும்பிவிடும்.